அதிமதுரம்: வாங்குவது முதல் நிறுத்துவது வரை

அதிமதுரம் எந்த நாட்டு மருந்துக் கடையிலும் கிடைக்கும். விலை பெரிதில்லை. வாயில் போட்டால் இனிக்கும். பலர் இதை அளவில்லாமல் எடுப்பதற்கு இந்த இனிப்பே காரணம். சுக்கு, மிளகு போல இதுவும் சமையலறைச் சரக்குதானே என்று எண்ணி, தினமும் டீயில் ஒரு துண்டு, இரவு பாலில் ஒரு ஸ்பூன் பொடி என்று மாதக்கணக்கில் எடுப்பவர்கள் இருக்கிறார்கள். அளந்து, சில நாட்களுக்கு மட்டும் எடுத்தால் தொண்டைக்கும் வயிற்றுக்கும் இதைப்போல் இதமான வேர் குறைவு. அதே வேரை நிறுத்தாமல் நீட்டிக்கொண்டே போனால் ரத்த அழுத்தம் ஏறும், உடம்பிலுள்ள பொட்டாசியம் இறங்கும். புதிதாகக் கையிலெடுப்பவர்களுக்கு எதை வாங்குவது, எப்படிச் சுத்தம் செய்வது, எவ்வளவு எடுப்பது, எப்போது நிறுத்துவது என்று வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில், உங்களுக்கு ஆகுமா என்று பாருங்கள்

கடைக்குப் போகும் முன்பே இதைப் பார்த்துவிடுவது நல்லது. கீழே சொல்லும் யாரும் மருத்துவரைக் கேட்காமல் அதிமதுரத்தை உள்ளுக்கு எடுக்க வேண்டாம்.

ரத்த அழுத்தம் உள்ளவர்கள், அதற்கு மாத்திரை போடுபவர்கள். இதயம், சிறுநீரகம், கல்லீரல் ஆகியவற்றில் கோளாறு உள்ளவர்கள். சிறுநீரைப் பெருக்கும் மாத்திரை, இதயத்துக்கான டிகாக்ஸின், பிரெட்னிசோலோன் போன்ற ஸ்டீராய்டு, ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் ஆகியவற்றில் ஏதாவது ஒன்றை எடுப்பவர்கள். கர்ப்பிணிகளும் பால் கொடுக்கும் தாய்மார்களும். அதிமதுர மிட்டாய் அன்றாடத் தின்பண்டமாக இருக்கும் பின்லாந்திலேயே, கர்ப்பிணிகள் அதைத் தவிர்க்க வேண்டும் என்று அரசு அறிவுறுத்துகிறது.

சர்க்கரை நோய் உள்ளவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. 'இது சீனி இல்லை, சர்க்கரையை ஏற்றாது' என்று பலர் தைரியமாக எடுக்கிறார்கள். அதன் இனிப்பு சீனியால் வருவதல்ல என்பது உண்மை. ஆனால் சர்க்கரை நோயாளிகளில் நிறையப் பேருக்கு ரத்த அழுத்த மாத்திரையும் சேர்ந்தே இருக்கும். மாத்திரைச் சீட்டை எடுத்துப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

குழந்தைகளுக்கு நீங்களாகக் கொடுக்காதீர்கள். ஐரோப்பிய மருந்து முகமை 18 வயதுக்குக் கீழே இதைப் பரிந்துரைப்பதில்லை. கைக்குழந்தைக்கு உரை மருந்தோடு இதையும் இழைத்துத் தேனில் குழைத்து நாக்கில் தடவும் பழக்கம் சில வீடுகளில் உண்டு. ஒரு வயதுக்குள் தேனே கூடாது என்பதால் அந்த முறை எப்படிப் பார்த்தாலும் வேண்டாம்.

இது எந்த வேர், எங்கிருந்து வருகிறது

தாவரவியல் பெயர் கிளைசிரைசா கிளாப்ரா. உளுந்து, பட்டாணி இருக்கும் அவரைக் குடும்பம்தான். இடுப்பு உயரத்துக்கும் மேலே வளரும் செடி, வெளிர் ஊதாப் பூ. மண்ணுக்கடியில் வேரும் ஓடுதண்டும் பல அடி தூரம் படரும். நட்டு மூன்று நான்கு வருடம் விட்டுத்தான் தோண்டுவார்கள். தெற்கு ஐரோப்பா தொடங்கி துருக்கி, ஈரான், ஆப்கானிஸ்தான், உஸ்பெகிஸ்தான் வரை, வறண்ட பகுதிகளின் ஆற்றோர நிலங்களில் தானாகவே வளர்கிறது. இத்தாலியின் கலாப்ரியா பகுதி வேருக்குப் பெயர் பெற்றது. வட இந்தியாவில் ஓரளவு பயிரிடுகிறார்கள் என்றாலும், நம் கடைகளுக்கு வருவதில் பெரும்பகுதி வெளிநாட்டுச் சரக்குதான்.

தமிழ்நாட்டு வேலியோரத்தில் இது தானாக முளைப்பதில்லை. ஆகவே யாராவது 'எங்க கொல்லையிலேயே அதிமதுரம் இருக்கு, பறிச்சுத் தரேன்' என்றால் உஷாராகுங்கள். அது பெரும்பாலும் குன்றிமணிக் கொடியாக இருக்கும். குன்றியின் வேரும் இலையும் லேசாக இனிக்கும் என்பதால் சில இடங்களில் அதையும் அதிமதுரம் என்றே சொல்வதுண்டு. கலப்படத்துக்கும் அந்த வேரைத்தான் பயன்படுத்துகிறார்கள். சிவப்பும் கறுப்புமான அதன் விதையில் அப்ரின் என்ற கொடிய நஞ்சு இருக்கிறது. குழந்தைகள் இருக்கும் வீட்டில் அந்தக் கொடியைத் தொட்டு மருந்து செய்யும் வேலையே வேண்டாம்.

வேரை இனிக்க வைப்பது கிளைசிரைசின் என்ற பொருள். சீனியைவிட ஏறத்தாழ 50 மடங்கு இனிப்பு. வாயில் வைத்தவுடன் சீனி போலப் பளிச்சென்று தெரியாது. மெல்ல மெல்ல ஏறி, துப்பிய பிறகும் நெடுநேரம் நாக்கில் நிற்கும். இந்த வேரின் நன்மையில் பெரும்பங்கும், தீமை முழுவதும் இந்த ஒரே பொருளால் வருபவை.

வாங்குவது

சென்னையில் பூங்காநகர் ராசப்ப செட்டித் தெரு, மதுரையில் கீழமாசி வீதி போன்ற இடங்களில் வரிசையாக நாட்டு மருந்துக் கடைகள் இருக்கின்றன. மற்ற ஊர்களிலும் கடைத்தெருவில் ஒன்றாவது இருக்கும். வட மாநிலங்களில் இருப்பவர்கள் முலேட்டி என்றும், இலங்கையில் சிங்களவர் நடத்தும் கடைகளில் வெல்மி என்றும் கேட்க வேண்டும். சிங்கப்பூர், மலேசியாவில் சீன மருந்துக் கடைகளில் வட்ட வட்டமாகச் சீவிய வேர் கிடைக்கும். அது இதற்கு நெருங்கிய உறவான வேறொரு இனம். அதிலும் கிளைசிரைசின் உண்டு, ஆகவே அளவும் எச்சரிக்கையும் அதற்கும் பொருந்தும்.

பொடியாக வாங்காமல் வேராக வாங்குங்கள் என்பதே என் முதல் அறிவுரை. பொடியில் என்ன கலந்திருக்கிறது என்று கண்ணால் கண்டுபிடிக்க முடியாது. எப்போது அரைத்தது என்பதும் தெரியாது.

"அண்ணாச்சி, அதிமதுரம் ஐம்பது கிராம். வேரா குடுங்க."

"பொடியே இருக்கும்மா, நம்ம கடையில அரைச்சதுதான்."

"இருக்கட்டும் அண்ணாச்சி, வேரே குடுங்க. ஒண்ணு ஒடிச்சுக் காட்டுங்க."

தயங்காமல் கேளுங்கள். நல்ல கடைக்காரர் முகம் சுளிக்க மாட்டார்.

ஒடித்துப் பார்த்தால் தெரிய வேண்டியவை இவை. வெளித்தோல் மண்ணிறமாக, நீளவாக்கில் சுருக்கம் விழுந்திருக்கும். உள்ளே மஞ்சள். வெளிர் மஞ்சளா, நல்ல மஞ்சளா என்பது சரக்குக்குச் சரக்கு மாறும். ஆனால் கறுத்தோ சாம்பல் நிறமாகவோ இருக்கக் கூடாது. ஒடிக்கும்போது படக்கென்று இரண்டாகாது, நார் நாராக இழுபட்டுப் பிரியும். ஒரு நாரை மென்றால் முதலில் மண் வாசனை, பிறகு இனிப்பு, அது நெடுநேரம் தங்கும். இனிப்பு குறைவாகவும் கசப்போ காறலோ தூக்கலாகவும் இருந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

இன்னொன்று, வேரின் முனையை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். ஊசி குத்தியது போல் ஓட்டை இருந்தால் வண்டு ஏறிய சரக்கு. பையின் அடியில் மஞ்சள் மாவு உதிர்ந்து கிடந்தாலும் அதே கதைதான். இனிப்பு வேர் என்பதால் பூச்சிக்கு இது விருந்து.

முதல் தடவைக்கு 50 கிராம் தாராளம். நாளைக்கு இரண்டு கிராம் என்று வைத்தாலும் 25 நாள் வரும். அத்தனை நாள் தொடர்ந்து உங்களுக்குத் தேவைப்படவே கூடாது.

சுத்தம் செய்வதும் பொடிப்பதும்

சித்த மருத்துவத்தில் ஒவ்வொரு சரக்குக்கும் சுத்தி முறை உண்டு. அதிமதுரத்துக்கு அது எளிது. தண்ணீரில் கழுவி, மேல்தோலைச் சீவி, உலர்த்தி எடுக்க வேண்டும்.

வேரைத் தண்ணீரில் ஊறப் போடாதீர்கள். ஊறினால் இனிப்பும் சத்தும் தண்ணீரோடு போய்விடும். ஓடும் தண்ணீரில் மண் போகத் தேய்த்துக் கழுவினால் போதும். ஈரம் இருக்கும்போதே சின்னக் கத்தியால் தோலைச் சுரண்டினால் மெல்லிசாக வந்துவிடும். உள்ளிருந்து மஞ்சள் தெரியும். காறலும் கசப்பும் தோலில்தான் அதிகம். சுரண்டியதை வெள்ளைத் துணியில் பரப்பி நிழலில் இரண்டு மூன்று நாள் உலர விடுங்கள். மழைக்காலமானால் இன்னும் இரண்டு நாள். வளைத்தால் வளையாமல் ஒடியும் பதம்தான் சரியான பதம்.

பாதியைத் துண்டாகவே வையுங்கள். பென்சில் கனத்தில் ஓர் அங்குலத் துண்டு ஏறக்குறைய ஒரு கிராம் இருக்கும். சமையலறையில் சின்னத் தராசு இருந்தால் ஒருமுறை நிறுத்துப் பார்த்துக் கண்ணளவைப் பழக்கிக்கொள்ளுங்கள், பிறகு தராசு தேவைப்படாது.

மீதியைப் பொடிக்கலாம். நேரே மிக்ஸியில் போட்டால் நார் பிளேடில் சுற்றிக்கொண்டு மோட்டார் திணறும். முதலில் இடிகல்லில் நைய இடித்து, நார் பிரிந்ததும் மிக்ஸியில் சின்ன ஜாரில் விட்டு விட்டு ஓட்டுங்கள். பிறகு மெல்லிய பருத்தித் துணியில் சலிக்க வேண்டும். இதை வஸ்திரகாயம் என்பார்கள். மாவுச் சல்லடையில் சலித்தால் நார்த் தூசி பொடியோடு வந்து தொண்டையில் உறுத்தும், இருமலுக்கு எடுத்த மருந்தே இருமலைக் கிளப்பும். துணியில் தங்கும் நாரைத் தூக்கிப் போட வேண்டியதில்லை. அதில் இன்னும் இனிப்பு இருக்கும். கஷாயத்துக்கு வைத்துக்கொள்ளலாம், ஆனால் அதையும் எடை பார்த்தே போட வேண்டும்.

ஈரமில்லாத கண்ணாடிப் பாட்டிலில், இறுக்கமான மூடியோடு, அடுப்புச் சூடு படாத இடத்தில் வையுங்கள். பொடியை மூன்று மாதத்துக்குள் தீர்க்கும் அளவுக்கு மட்டும் அரைப்பது நல்லது. வேர்த் துண்டு ஒரு வருடம் தாங்கும். மூடியில் தேதி எழுதி ஒட்டுங்கள்.

முதல் பயன்பாடு: மெல்லுவது

புதியவர்கள் இதிலிருந்து தொடங்கலாம். அரை அங்குலத் துண்டு ஒன்றைக் கடைவாயில் ஒதுக்கி, மெல்லக் கடித்து, ஊறும் உமிழ்நீரை விழுங்கிக்கொண்டிருக்க வேண்டும். இனிப்பு தீர்ந்ததும் சக்கையைத் துப்பிவிடுங்கள். தொண்டை வறண்டு கரகரப்பாக இருக்கும்போது, வறட்டு இருமல் விட்டு விட்டு வரும்போது, உடனே தெரியும் பலன் இதில்தான். கச்சேரிக்கு முன் பாடகர்களும், மேடைப் பேச்சாளர்களும், நாள் முழுக்க வகுப்பெடுக்கும் ஆசிரியர்களும் இதை வைத்திருப்பது இதற்காகவே. நாளைக்கு இரண்டு துண்டோடு நிறுத்துங்கள். டிசம்பர் சீசனில் ஒரு மாதம் முழுக்கப் பாட வேண்டியிருந்தாலும் இதையே தினசரித் துணையாக்கிக்கொள்ள வேண்டாம். வெந்நீரும் கற்கண்டும் இருக்கின்றன.

வாய் கொப்பளிப்பது

எனக்கு மிகவும் பிடித்த முறை இது. ஏனென்றால் துப்பிவிடுகிறோம். தொண்டைக்குக் கிடைக்க வேண்டியது கிடைக்கிறது, உடம்புக்குள் சேர்வது மிகக் குறைவு.

அரை டீஸ்பூன் பொடியை 150 மி.லி. தண்ணீரில் போட்டு ஐந்து நிமிடம் கொதிக்க வைத்து, வடிகட்டி, வெதுவெதுப்பாக ஆறவிடுங்கள். ஒரு மடக்கை எடுத்துத் தலையை அண்ணாந்து, தொண்டையில் அரை நிமிடம் களகளவென்று ஓடவிட்டுத் துப்ப வேண்டும். காலையும் இரவும் செய்யலாம்.

இதற்கு நல்ல ஆதாரமும் இருக்கிறது. அறுவை சிகிச்சையின்போது மயக்க மருந்து கொடுத்து மூச்சுக்குழாயில் ட்யூப் செருகுவார்கள். கண் விழித்ததும் பலருக்குத் தொண்டை எரியும், இருமல் வரும். மயக்க மருந்துக்குச் சற்று முன்னால் நோயாளிகளை அரை கிராம் அதிமதுரம் கலந்த 30 மி.லி. நீரால் கொப்பளிக்கச் சொன்னபோது அந்தத் தொல்லை குறைந்ததாக 2009-இல் இந்திய மயக்கவியல் மருத்துவர்கள் ஆய்வு வெளியிட்டார்கள். 2013-இல் வியன்னாவில் நடந்த ஆய்விலும் அதே முடிவு வந்தது. அரை கிராம்தான், அதையும் துப்பிவிட்டார்கள் என்பதைக் கவனியுங்கள்.

கஷாயம்

சளியும் இருமலும் சேர்ந்து வரும்போது சித்தரத்தையோடு வைக்கும் கஷாயம் தமிழ் வீடுகளில் நன்கு பழக்கமானது. ஒருவருக்கு ஒரு நாளைக்கு வேண்டியது இவ்வளவுதான்:

அதிமதுரம் 2 கிராம், அதாவது ஓர் அங்குலத் துண்டு இரண்டு. சித்தரத்தை சுண்டு விரல் நகம் அளவுத் துண்டு ஒன்று. மிளகு ஐந்து. தண்ணீர் 400 மி.லி.

மூன்றையும் தனித்தனியாக ஒன்றிரண்டாக இடித்துக்கொள்ளுங்கள். சித்தரத்தை கல் மாதிரி இருக்கும், அதை முதலில் இடிப்பது வசதி. தண்ணீர் கொதித்ததும் சித்தரத்தையையும் மிளகையும் போட்டு சின்னத் தீயில் வையுங்கள். பாதியாக வற்ற வேண்டும். அதிமதுரத்தைக் கடைசி பத்து நிமிடத்தில் சேர்ப்பது என் வழக்கம். ஆரம்பத்திலிருந்தே போட்டு வெகுநேரம் கொதிக்கவிட்டால் கசப்பு ஏறிவிடுகிறது. போட்டதும் பாத்திரத்தை விட்டு நகராதீர்கள். இந்த வேரில் உள்ள சபோனின் பூந்திக்கொட்டையில் இருப்பதைப் போல நுரை கக்கும் பொருள், நீங்கள் திரும்புவதற்குள் மஞ்சள் நுரை விளிம்பு தாண்டி அடுப்பில் வழிந்துவிடும். வாயகன்ற பாத்திரமும் மேலே குறுக்காக ஒரு மரக்கரண்டியும் இருந்தால் தப்பிக்கலாம்.

வடிகட்டினால் 200 மி.லி. கிடைக்கும். காலையில் பாதி, மாலையில் பாதி, சாப்பிட்ட பிறகு, இளஞ்சூடாக. பனங்கற்கண்டு, தேன் எதுவும் சேர்க்கத் தேவையில்லை. அப்படியே குடித்துப் பாருங்கள், மிளகின் காரம் முதலில் வந்து, அது அடங்கியதும் பின்னாலேயே இனிப்பு வரும். மறுநாளுக்கு மீதி வைக்காதீர்கள். அன்றன்று வைப்பதுதான் முறை.

ஐந்து நாள் குடியுங்கள். அதிகம் போனால் ஏழு. அதற்குள் தணியாத இருமலுக்குக் கஷாயத்தை நீட்டுவதில் பொருளில்லை. காய்ச்சல், மூச்சிரைப்பு, சளியில் ரத்தம் இருந்தால் முதல் நாளே மருத்துவரிடம் போங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நீடித்தால் காசநோய்ப் பரிசோதனை செய்ய வேண்டும் என்பது நம் நாட்டின் காசநோய்த் திட்டம் சொல்வது. அரசு மருத்துவமனையில் இலவசமாகவே பார்க்கிறார்கள். இனிப்பான கஷாயம் தொண்டையை இதமாக்கி அந்த இருமலை மறைத்துவிடக் கூடாது.

வெறும் வேரை மட்டும் கொதிநீரில் போட்டு மூடி வைத்துக் குடிப்பதும் உண்டு. 1.5 கிராம் வேர், 150 மி.லி. கொதிநீர், பத்து நிமிடம். இருமலுக்கு இதை நாளைக்கு இரண்டு முறை என்று ஐரோப்பிய மருந்து முகமையின் மூலிகைக் குறிப்பு சொல்கிறது. இரண்டு முறை என்றால் 3 கிராம் ஆகிவிடும், ஆகவே நாமாக எடுக்கும்போது ஒரு முறையோடு நிறுத்துங்கள். அவசரத்துக்கு வசதி. எனக்கென்னவோ சித்தரத்தை இல்லாத அதிமதுரம் திகட்டுகிறது.

வயிற்றுக்கு

நெஞ்செரிச்சல், வயிற்றெரிச்சலுக்கு அரை டீஸ்பூன் பொடியை வெதுவெதுப்பான நீரில் கலந்து சாப்பாட்டுக்கு அரை மணி முன் எடுப்பார்கள். பாலிலும் நெய்யிலும் குழைத்து எடுப்பதும் உண்டு. ஒரு வாரம் எடுத்துப் பார்க்கலாம்.

வயிற்றுப் புண்ணுக்கு இந்த வேர் உதவும் என்று நம் மருத்துவ நூல்கள் நெடுங்காலமாகச் சொல்லி வந்தாலும், நவீன மருத்துவம் அதைக் கையிலெடுத்தது நெதர்லாந்து மருத்துவர் ரெவர்ஸால். அதிமதுரச் சாறு கொடுத்தால் வயிற்றுப் புண் ஆறுகிறது என்று 1946-இல் எழுதினார். கூடவே, எடுத்தவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்குக் கை கால் முகம் வீங்குவதையும் பார்த்தார். அந்தத் தடத்தில் 1960-களில் பிரிட்டனில் கார்பெனாக்ஸலோன் என்ற புண் மருந்தே இதிலிருந்து வந்தது. அதற்கும் இதே வீக்கமும் ரத்த அழுத்தமும்தான் பிரச்சினை. இன்னும் பாதுகாப்பான மருந்துகள் வந்ததும் அது ஒதுங்கிவிட்டது. பிறகு கிளைசிரைசினை நீக்கிய அதிமதுரச் சாறு வந்தது. டி.ஜி.எல். என்ற பெயரில் மாத்திரையாகக் கிடைக்கிறது. வயிற்றுக்காகவே அதிமதுரம் வேண்டும் என்பவர்கள் மருத்துவரிடம் அதைப் பற்றிக் கேட்கலாம்.

மலம் தார் போலக் கறுப்பாகப் போனால், ரத்த வாந்தி வந்தால், காரணமில்லாமல் எடை குறைந்தால் பொடியைத் தேடாதீர்கள். புண்ணுக்குப் பெரும்பாலும் காரணம் ஹெலிகோபாக்டர் என்ற கிருமியோ வலி மாத்திரையோதான். அதற்கு வேறு வைத்தியம் இருக்கிறது.

தோலுக்கு

உள்ளுக்கு எடுக்க முடியாதவர்களும் பயன்படுத்தக்கூடியது. வேரிலுள்ள கிளாப்ரிடின் என்ற பொருள், தோலில் கருமை நிறமி உண்டாகத் துணைபுரியும் நொதியைத் தடுக்கும். கரும்புள்ளி, மங்கு ஆகியவற்றுக்கான கிரீம்களில் அதிமதுரச் சாற்றைச் சேர்ப்பது அதனால்தான். வீட்டில் செய்வதானால் ஒரு ஸ்பூன் பொடியோடு ஒரு ஸ்பூன் பயத்தம் மாவு, குழைக்கப் பன்னீர். முகத்தில் தடவி, முழுக்கக் காய்ந்து இறுகுமுன் கழுவிவிடுங்கள். வாரம் இரண்டு முறை போதும். முதலில் முன்கையில் தடவி ஒரு நாள் பார்த்துவிட்டு முகத்துக்குப் போங்கள். வீட்டுப் பொடியில் கிரீமின் வேகத்தை எதிர்பார்க்க வேண்டாம், வெயிலில் குடை பிடிக்காமல் போனால் எதுவும் நிற்காது.

அளவுக் கணக்கு

இந்தக் கட்டுரையில் ஒரு பகுதியை மட்டும் நினைவில் வைக்க முடியும் என்றால் இதை வையுங்கள்.

சிறுநீரகத்தில் ஒரு நொதி உண்டு. உடம்பில் சுரக்கும் கார்டிசால் என்ற இயக்குநீர் அங்கே வேலை காட்டாதபடி அதைச் செயலிழக்க வைப்பது அந்த நொதியின் பணி. கிளைசிரைசின் குடலில் கிளைசிரெட்டினிக் அமிலமாக மாறி, ரத்தத்தில் கலந்து, அந்த நொதியைத் தடுத்துவிடுகிறது. உடனே கார்டிசால், உப்பைத் தக்கவைக்கும் இன்னொரு இயக்குநீரான ஆல்டோஸ்டிரோன் போல நடக்கத் தொடங்குகிறது. உப்பும் நீரும் உடம்பிலேயே தங்கும், பொட்டாசியம் சிறுநீரில் போகும். முதலாவதால் ரத்த அழுத்தமும் வீக்கமும். இரண்டாவதால் தசைத் தளர்ச்சி. பொட்டாசியம் மிகவும் இறங்கினால் இதயத் துடிப்பே தாறுமாறாகும்.

தொடர்ந்து எடுப்பவர்கள் நாளைக்கு 100 மில்லிகிராம் கிளைசிரைசினைத் தாண்ட வேண்டாம் என்று ஐரோப்பிய ஒன்றியத்தின் உணவு அறிவியல் குழு 2003-இல் சொன்னது. நல்ல வேரில் குறைந்தது 4 சதவீதமாவது கிளைசிரைசின் இருக்கும். 2.5 கிராம் வேரிலேயே 100 மில்லிகிராம் வந்துவிடுகிறது. தட்டின ஒரு டீஸ்பூன் பொடி ஏறத்தாழ 2 முதல் 3 கிராம். அதாவது, தினமும் ஒரு டீஸ்பூன் பொடி எடுப்பவர் அந்த எல்லையில்தான் நிற்கிறார். வேர் இன்னும் வீரியமானதாக இருந்தால் தாண்டியே போய்விட்டார். ஆயுர்வேத மருந்து நூல் 2 முதல் 4 கிராம் வரை சொல்கிறது. அது மருத்துவர் நாடி பார்த்து, நாள் குறித்துக் கொடுக்கும் அளவு. நாமாக எடுப்பதற்கு நாளைக்கு 2 கிராம், தொடர்ந்து ஒரு வாரம், பிறகு ஒரு மாதமாவது இடைவெளி. இதுதான் நான் வீட்டில் எல்லோருக்கும் சொல்வது.

மெல்லும் துண்டு, கஷாயம், பொடி எல்லாவற்றையும் சேர்த்துத்தான் இந்த 2 கிராம். காலையில் கஷாயம் குடித்தவர் மதியம் துண்டை மெல்லக் கூடாது.

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 54 வயதுக்காரர் ஒருவர் சில வாரங்கள் தினமும் ஒரு பை, ஒன்றரைப் பை என்று கறுப்பு அதிமதுர மிட்டாய் தின்று, பொட்டாசியம் அடியோடு இறங்கி, இதயம் நின்று இறந்துபோனதை 2020-இல் மருத்துவ இதழ் ஒன்றில் மருத்துவர்கள் பதிவு செய்தார்கள். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் இந்த மிட்டாயை வாங்கி வந்தால் லேபிளைப் பாருங்கள். வெறும் சோம்பு வாசனை சேர்த்த மிட்டாய்களும் உண்டு, அவற்றில் இந்தப் பிரச்சினை இல்லை. அதேபோல மூலிகை டீ பாக்கெட்டுகள், இருமல் மிட்டாய்கள், இருமல் சிரப்புகள் பலவற்றில் யஷ்டிமது அல்லது முலேட்டி என்று சின்ன எழுத்தில் போட்டிருக்கும். எல்லாம் ஒரே வேர்தான். அவற்றையும் கணக்கில் சேருங்கள்.

எப்போது நிறுத்துவது

கஷாயம் தொடங்கும் முன் ஒருமுறையும், நான்காம் நாள் ஒருமுறையும் ரத்த அழுத்தம் பாருங்கள். மருந்துக் கடையிலேயே பார்ப்பார்கள். நாற்பது வயதைத் தாண்டியவர்கள் இதைத் தவறவிட வேண்டாம். தனக்கு அழுத்தம் இருப்பது தெரியாமலே நடமாடுபவர்கள் ஏராளம்.

மோதிரம் இறுகுவது, மாலையில் கணுக்காலை விரலால் அழுத்தினால் குழி விழுவது, காரணமில்லாத தலைவலி, கெண்டைக்கால் பிடிப்பு, மாடிப்படி ஏறும்போது கால் துவள்வது, நெஞ்சு படபடப்பு. இவற்றில் எது வந்தாலும் அன்றே நிறுத்த வேண்டும். படபடப்போ தசைத் தளர்ச்சியோ இருந்தால் காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள். நிறுத்தியவுடன் எல்லாம் சரியாகிவிடாது. உடம்பு பழைய நிலைக்கு வர ஓரிரு வாரம்கூட ஆகலாம்.

மருத்துவரிடம் 'நாட்டு மருந்து கொஞ்சம் எடுத்தேன்' என்று பொதுவாகச் சொல்லாதீர்கள். அதிமதுரம் என்று பெயரைச் சொல்லி, எத்தனை கிராம், எத்தனை நாள் என்பதையும் சொல்லுங்கள். வேர்த் துண்டையோ பொடி டப்பாவையோ கையோடு எடுத்துப் போவது இன்னும் நல்லது. சோடியம், பொட்டாசியம் பார்க்கும் ரத்தப் பரிசோதனை ஒன்று போதும், அவருக்கு விஷயம் விளங்கிவிடும்.